பதிவேடு இல்லாத சோதனையே குழந்தைகளுக்கு ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குழந்தைகளின் புற்றுநோய்க்குப் புதிய மருந்து என்ற செய்தி நாளிதழ்களில் பெரும்பாலும் இரண்டே விதமாக வருகிறது. நோயே ஒழிந்துவிட்டது என்பதுபோல ஒரு விதம். பிஞ்சுக் குழந்தைகளைச் சோதனை எலிகள் ஆக்குகிறார்கள் என்பது இன்னொரு விதம். நோய் திரும்பி வந்த குழந்தையின் பெற்றோர் இரண்டையும் படித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். முதலாவதைப் படித்தவர்கள் நகையை அடகு வைத்து அந்த மருந்தை வாங்கத் துடிக்கிறார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் 'டிரையல்' என்ற சொல்லைக் கேட்டதும் ஃபைலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுகளில் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களாகவும் பணிபுரியும் நாங்கள், உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எங்கள் கருத்து. விதிமுறை எழுதி, எதிக்ஸ் கமிட்டி (அறநெறிக் குழு) பார்த்து, பொதுவெளியில் பதிவு செய்து நடக்கும் சோதனையைக் கண்டு யாரும் நடுங்க வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது சோதனை என்ற பெயரே இல்லாமல் நடக்கும் சோதனையைக் கண்டுதான். பெரியவர்களுக்கு அனுமதி பெற்ற மருந்து ஒன்றை, "இதையும் கொடுத்துப் பார்ப்போம்" என்று ஒரு குழந்தைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். டோஸ் ஊகம். செலவு முழுக்கக் குடும்பத்தின் தலையில். பலன் இருந்ததா, பக்கவிளைவு வந்ததா என்பது எங்கும் பதிவாவதில்லை. அதே நோயோடு அடுத்து வரும் குழந்தைக்கும் அதே ஊகம்தான் காத்திருக்கும்.

வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். மீதிப் பேரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மூளைத்தண்டில் வரும் பரவல் கட்டிக்கு ரேடியேஷன் கொடுத்தாலும் சராசரி ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு. அதிக அபாய நியூரோபிளாஸ்டோமா (நரம்புச் செல்களில் வரும் கட்டி), பரவிய நிலையில் திரும்பி வரும் ஈவிங் சார்கோமா, ஆஸ்டியோசார்கோமா (இரண்டும் எலும்புக் கட்டிகள்), ஒரு வயதுக்குள் வரும் லுக்கேமியா எனும் ரத்தப் புற்றுநோய், கீமோவுக்குப் பணியாத லுக்கேமியா ஆகியவையும் இந்த வரிசையில் வருபவை. இவற்றில் பழைய மருந்துகளின் டோஸை ஏற்றிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டாயிற்று. இனி வர வேண்டியது புதிய வழி.

புதிய மருந்துக்குக் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை பல. நோய் திரும்பியதும் இயன்றால் மறுபடி பயாப்சி எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய திசுவை வைத்து முடிவெடுப்பது சரியாக வராது. நடுவில் கொடுத்த சிகிச்சையில் பிழைத்து நிற்கும் செல்களின் மரபணுக்கள் மாறியிருக்கலாம். எடுக்கும் திசு போதாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. மெல்லிய ஊசியில் வரும் துளி செல்கள் நோயைப் பெயரிடப் போதும், மரபணுப் பரிசோதனைக்குப் போதாது. ஆகவே ஊசியை உள்ளே விடுவதற்கு முன்பே அறுவை மருத்துவரும் நோய்க்குறியியல் மருத்துவரும் பேசி, எத்தனை துண்டு, எது ஃபார்மலினில், எது உறைநிலையில் என்று தீர்மானித்திருக்க வேண்டும். எலும்புக் கட்டியின் திசுவைச் சுண்ணாம்பு நீக்க அமிலத்தில் ஊறவைத்தால் மரபணுவே சிதைந்துவிடும் என்பதைச் சிறிய மையங்கள் மறந்துவிடுவதுண்டு.

அடுத்தது காத்திருப்பு. கடைசி கீமோவுக்குப் பிறகு பொதுவாக 3 வாரம் இடைவெளி வேண்டும். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். பிளேட்லெட் ஏற்றாமலே 75,000 அல்லது ஒரு லட்சம் இருக்க வேண்டும். எந்த எண் என்பதை அந்தந்த ஆய்வின் விதிமுறை சொல்லும். பெற்றோருக்கு இந்தக் காத்திருப்பு பெரும் வேதனை. நோய் வளர்ந்துகொண்டிருக்க, ஏன் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பழைய மருந்தின் நச்சு உடம்பில் இருக்கும்போதே புதியதைத் தொடங்கினால், ரத்த அணுக்களின் கவுன்ட் விழுந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல மருந்தின் மேல் வீண்பழி விழும், அல்லது கெட்ட மருந்து தப்பித்துவிடும். இரண்டுமே பின்னால் வரும் குழந்தைகளைத்தான் பாதிக்கும்.

குழந்தையின் உடல்நிலைக்கு மதிப்பெண் போடுவதும் உண்டு. பெரியவர்களிடம் வேலைக்குப் போக முடிகிறதா என்று கேட்பதுபோல, 16 வயது வரை உள்ளவர்களிடம் விளையாட்டைப் பார்க்கிறோம். இதை லான்ஸ்கி அளவுகோல் என்பார்கள். ஓடியாடி வழக்கம்போல இருந்தால் 100. எழுந்து நடமாடினாலும் ஓடி விளையாடாமல், உட்கார்ந்து செய்யும் விளையாட்டோடு நின்றுகொண்டால் 60. சட்டை மாற்றிக்கொண்டாலும் பகலில் பெரும்பகுதி படுத்தபடியே படம் வரைவது, சொப்பு வைத்து விளையாடுவது என்றிருந்தால் 50. பெரும்பாலான ஆய்வுகள் 50-க்குக் கீழே சேர்ப்பதில்லை. மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துப் போடும் மதிப்பெண்ணைவிட, நாள் முழுக்கக் கூடவே இருக்கும் அம்மாவைக் கேட்டுப் போடும் மதிப்பெண்ணே சரியாக இருக்கும்.

இனி டோஸ். எதிலும் அதிகம் தவறு நடப்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதில்தான்.

குழந்தைகளுக்கான முதல் கட்டச் சோதனை பெரும்பாலும், பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்த டோஸில் 80 சதவீதத்திலிருந்து தொடங்குகிறது. கணக்கு உடல் பரப்பளவை வைத்து. உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு கிடைக்கும். 110 செ.மீ. உயரமும் 18 கிலோ எடையும் உள்ள குழந்தைக்கு அது 0.74 சதுர மீட்டர். பெரியவர்களின் டோஸ் சதுர மீட்டருக்கு 100 மி.கி. என்றால், தொடக்க டோஸ் 80. இந்தக் குழந்தைக்கு 59 மி.கி. உயரத்தைச் சுவரில் ஒட்டிய பழைய ஸ்டிக்கரில் பார்த்து எழுதினாலோ, போன மாத எடையை அப்படியே போட்டாலோ எல்லாம் மாறிவிடும். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை ஒரே மாதத்தில் 3 கிலோ கூடும்; வாந்தியில் தவிக்கும் குழந்தை அதே அளவு இறங்கும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக அளக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பரப்பளவுக் கணக்குப் பொருந்தாது. கல்லீரலும் சிறுநீரகமும் முதிராத உடம்பு அது. எடை வைத்துத் தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

டோஸை ஏற்றும் விதத்துக்கும் விதி உண்டு. பழமையான முறைப்படி முதலில் 3 குழந்தைகள். முதல் சுற்றில், அதாவது 21 அல்லது 28 நாட்களில், முன்கூட்டியே எழுதிவைத்த கடுமையான பக்கவிளைவு எவருக்கும் வரவில்லை என்றால் அடுத்த படிக்கு ஏற்றலாம். ஒருவருக்கு வந்தால் ஏற்றாமல் அதே டோஸில் இன்னும் 3 பேர். ஆறு பேரில் அந்த ஒருவரோடு நின்றால் மேலே போகலாம். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு படி இறங்க வேண்டும். மூன்று மூன்று பேராகக் காத்திருப்பதில் மாதங்கள் ஓடிவிடுவதால், ஆறு பேர் வரை அடுத்தடுத்துச் சேர்க்கும் முறையும் குழந்தைகளுக்கென்றே 2008-இல் வகுக்கப்பட்டது. எந்த முறையானாலும் 'கடுமையான பக்கவிளைவு' என்றால் என்ன என்பது முதல் குழந்தைக்கு மருந்து கொடுப்பதற்கு முன்பே எண்களோடு எழுதப்பட்டிருக்கும். யாருடைய மனநிலைக்கு ஏற்பவும் அது மாறாது. தனியாக எழுதித் தரும் சீட்டில் இல்லாத பாதுகாப்பு இதுதான்.

மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்க்க, முதல் நாளில் மட்டும் ஐந்தாறு முறை ரத்தம் எடுப்பார்கள். "ரத்தத்தை எல்லாம் உறிஞ்சிவிடுகிறார்கள்" என்ற புகார் இங்கேதான் எழுகிறது. குழந்தையின் உடம்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மி.லி. ரத்தம் உண்டு. ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி ஆய்வுக்காக எடுப்பது ஒரே நேரத்தில் மொத்த ரத்தத்தில் 1 சதவீதத்தையும், நான்கு வாரத்தில் 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. 18 கிலோ குழந்தையிடம் ஒரு வேளைக்கு 14 மி.லி., ஒரு மாதத்துக்கு 43 மி.லி. ஆய்வுக்கான மாதிரி ஒவ்வொன்றும் 1 அல்லது 2 மி.லி. தான். பெரிய ரத்தக் குழாயில் பொருத்திய சென்ட்ரல் லைனில் எடுக்கும்போது முதலில் வரும் ரத்தத்தைக் கீழே கொட்டுகிறோமே, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பல இடங்களில் சேர்ப்பதில்லை. இன்னொன்று: மருந்து ஏற்றிய அதே லைனிலிருந்து மாதிரி எடுத்தால், குழாயில் ஒட்டியிருக்கும் மருந்து கலந்து அளவு பல மடங்காகக் காட்டும். வேறு வழியில்தான் எடுக்க வேண்டும். மணி 10.00-க்கு எடுக்க வேண்டியதை 10.25-க்கு எடுத்தால் பரவாயில்லை; ஆனால் தாளில் 10.25 என்றே எழுத வேண்டும். உண்மையான நேரம் தெரிந்தால் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.

வாய்வழி மருந்துகளில் வேறு சிக்கல். பல புதிய மருந்துகள் பெரியவர்களுக்கான கேப்ஸ்யூலாகவே வருகின்றன. நான்கு வயதுக் குழந்தை அதை விழுங்காது. பிரித்துத் தேனில் குழைக்கலாமா, மூக்குக்குழாய் வழியாக விடலாமா என்பதை நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. சில மருந்துகள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பாதிதான் உள்ளே போகும். திரவ வடிவம் இருந்தால் சிரிஞ்சில் அளந்து கொடுக்க வேண்டும். ஒரு மில்லியில் 20 மி.கி. உள்ள மருந்தில் 59 மி.கி. என்றால் 3 மி.லி. வீட்டு ஸ்பூனில் ஊற்றினால் 5 மி.லி. போய்விடும், டோஸ் ஒன்றரை மடங்குக்கும் மேல். குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்பது ஒவ்வொரு ஆய்விலும் எழுதியிருக்கும். பெரும்பாலும் கொடுக்கக் கூடாது, அடுத்த வேளைக்குத்தான். காலி பாட்டிலையும் மிச்ச மருந்தையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்வது, மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று எண்ணிப் பார்க்கத்தான். தவறவிட்ட வேளையை மறைக்காமல் டைரியில் எழுதினால் யாரும் திட்டமாட்டார்கள். மறைத்தால், போதாத டோஸையே போதும் என்று நாங்கள் முடிவு செய்துவிடுவோம்.

வேறு மருந்துகளோடு மோதுவதும் உண்டு. மூளைக் கட்டி உள்ள குழந்தைகளில் பலர் வலிப்புக்கு ஃபெனிடாய்ன் அல்லது கார்பமாசிபின் எடுப்பார்கள். இவை கல்லீரலைத் தூண்டிவிட்டுப் பல புதிய மருந்துகளை விரைவில் கரைத்து வெளியேற்றிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். லெவெடிராசிட்டம் போன்றதற்கு முன்கூட்டியே மாற்ற வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் இதற்கு நேர் எதிர்; மருந்தை உடம்பில் தேக்கி நச்சாக்கும். பம்ப்ளிமாஸ் பழமும் அதே வேலையைச் செய்யக்கூடியது. சூரணம், கஷாயம், பொடி என்று வீட்டில் எது கொடுத்தாலும் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் பலர். அந்த பயத்துக்கு எங்கள் தரப்பும் ஒரு காரணம். கேட்கும் விதத்தில் கேட்டால் சொல்வார்கள்.

குழந்தையின் உடம்பு வளர்கிற உடம்பு. பெரியவர்களிடம் எவ்வளவு சோதித்தாலும் தெரியவராத கேடுகள் இதில் வெளிப்படும். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு, செல்களை வளரத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் வழித்தடத்தைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது சில குழந்தைகளுக்கு எலும்பின் வளர்தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டன. மருந்தை நிறுத்தியும் அவை திறக்கவில்லை. கட்டி சுருங்கிய குழந்தை உயரமாகாமலே நின்றுவிட்டது. அதன் பிறகு இவ்வகை மருந்து, எலும்பு வளர்ச்சி முடிந்தவர்களுக்கு என்று சுருக்கப்பட்டது. இந்தக் கேடு தெரியவந்ததே அது ஆய்வாக நடந்ததால்தான். முழங்கால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தால்தான் யாராவது எடுப்பார்கள்.

பலன் எவ்வளவு கிடைக்கும்? இதில் பெற்றோரிடம் பூசி மெழுகக் கூடாது. குழந்தைகளின் முதல் கட்டப் புற்றுநோய்ச் சோதனைகள் 170-ஐத் தொகுத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது; அவற்றில் 4,604 நோயாளிகள். நோய் கண்கூடாகக் குறைந்தது சுமார் 10 சதவீதத்தினருக்கு. ரத்தப் புற்றுநோயில் 28 சதவீதம். கட்டிகளில் 3 சதவீதம்தான். மருந்தாலேயே இறந்தவர்கள் 2 சதவீதம். முதல் கட்டச் சோதனையின் நோக்கமே சரியான டோஸைக் கண்டுபிடிப்பது. குணமாக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ஒப்புதல் படிவத்தில் இது தெளிவான தமிழில், முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆனால் இலக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கதையே மாறுகிறது. என்டிஆர்கே என்ற மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொள்வதால் சில கட்டிகள் வருகின்றன. கைக்குழந்தைகளின் ஃபைப்ரோசார்கோமா அதில் ஒன்று. பழைய சிகிச்சை கையையோ காலையோ வெட்டி எடுக்கும் அளவுக்குப் போகும். லாரோட்ரெக்டினிப் என்ற மருந்தைக் குழந்தைகளிடம் முதல் கட்டத்தில் சோதித்தபோது, அந்த ஒட்டு இருந்து மதிப்பிடப்பட்ட 15 பேரில் 14 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஒட்டு இல்லாத 7 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த மருந்து 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, தொடக்கத்திலேயே திரவ வடிவத்தோடு. மரபணுப் பரிசோதனைக்கு முன்னால் மருந்துக்கு ஓடுவது வீண் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நியூரோபிளாஸ்டோமா செல்களின் மேல் இருக்கும் ஜிடி2 என்ற பொருளைத் தாக்கும் மருந்தின் கதை வேறு மாதிரி. 226 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து நடந்த அமெரிக்க ஆய்வு 2010-இல் வெளியானது. இரண்டு ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 46 சதவீதம், புதிய மருந்துகள் சேர்ந்தபோது 66. ஆனால் ஜிடி2 நரம்பு இழைகளிலும் இருப்பதால், மருந்து ஏறும்போது குழந்தை வலியில் துடிக்கும். மார்ஃபின் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வலி வந்த பிறகு தொடங்கினால் பிடிக்க முடியாது. ரத்தக் குழாய்கள் கசிந்து பிரஷர் இறங்கும், காய்ச்சல் வரும், ஒவ்வாமை வரும். இதைச் சாதாரண வார்டில், இரவில் ஒரே செவிலியர் முப்பது படுக்கையைப் பார்க்கும் இடத்தில் கொடுக்கக் கூடாது. மருந்தை வாங்கப் பணம் திரட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் நல்ல உள்ளங்களுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிளினடுமோமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து இன்னோர் உதாரணம். கைக்குழந்தைகளின் லுக்கேமியாவில் 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், இரண்டு ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 81.6 சதவீதம்; முன்பு கீமோ மட்டும் பெற்றவர்களில் 49.4. மருந்து 28 நாள் இடைவிடாமல் பம்பில் ஓட வேண்டும். பையை மாற்றும்போது பழக்கதோஷத்தில் லைனை ஃப்ளஷ் செய்தால் (உப்பு நீர் செலுத்திக் கழுவினால்), குழாயில் இருக்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும். வலிப்பு வரலாம். ஆகவே அந்த லைனில் 'ஃப்ளஷ் செய்யாதே' என்று எழுதி ஒட்ட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது வாயாலும் சொல்ல வேண்டும்.

பலனில்லை என்று நிரூபிக்கும் சோதனைக்கும் மதிப்பு உண்டு. டெல்லி எய்ம்ஸில் 2013 முதல் 2015 வரை நடந்த ஆய்வை நம் ஊடகங்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. கட்டி முற்றிய 108 குழந்தைகளில் ஒரு குழுவுக்குத் தாலிடோமைடு, செலிகாக்ஸிப், எடோபோசைடு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மலிவான வாய்வழி மருந்துக் கூட்டு. மற்றொரு குழுவுக்கு மருந்தில்லா மாத்திரை. வீட்டிலிருந்தே எடுக்கலாம், செலவு குறைவு என்பதால் நாடெங்கும் நம்பிக்கையோடு கொடுக்கப்பட்டுவந்த முறை இது. நோய் முற்றாமல் இருந்த காலம் ஒரு குழுவில் 49 நாள், இன்னொன்றில் 46 நாள். வேறுபாடு இல்லை. மூன்று சுற்று முடித்தவர்களிடமும், எலும்பு சார்கோமா அல்லாதவர்களிடமும் ஓரளவு பலன் இருக்கலாம் என்ற குறிப்பு கிடைத்தது. யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெரிந்தது. இந்த ஓர் ஆய்வு எத்தனை குழந்தைகளை வீண் மாத்திரைகளிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

புதிய மருந்தே இல்லாமலும் நல்ல சோதனை நடத்த முடியும். திரும்பி வந்த ஈவிங் சார்கோமாவுக்கு மருத்துவர்கள் பழக்கத்தால் கொடுத்துவந்த நான்கு கீமோ கூட்டுகளை ஐரோப்பாவில் ஒரே ஆய்வில் போட்டியிட வைத்தார்கள். முதலில் ஜெம்சிடபின்-டோசிடாக்ஸல் கழிந்தது, பிறகு ஐரினோடீகன்-டெமோசோலோமைடு. கடைசிச் சுற்றில் டோபோடீகன் கூட்டைவிட அதிக டோஸ் ஐஃபாஸ்ஃபமைடு மேலானது என்று தெரிந்தது. நான்குமே இந்தியாவில் கிடைக்கும் மருந்துகள். இப்படிப்பட்ட ஆய்வை நம்மால் நடத்த முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

நம் நாட்டின் சட்டம் குழந்தைகளைக் கைவிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். தீவிரப் பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் நிதி தரும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். புதிய மூலக்கூறு என்றால் குழந்தையின் பெற்றோரிடம் ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதலின்படி 7 முதல் 12 வயது வரை குழந்தையின் சம்மதத்தை வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் பெற வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் குழந்தை வேண்டாம் என்றால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

சோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்கு வாய்பாடே உண்டு. 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். 16 வயது வரை வயதெண் 228.54. ஆறு மாதத்துக்கு மேல் வாழ வாய்ப்பில்லாத நிலையில் சேர்ந்த குழந்தைக்குத் தீவிர எண் 0.5; தொகை ஏறத்தாழ 9.2 லட்சம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை என்றால் எண் 1, தொகை 18.4 லட்சம். நோயாலேயே இறந்தால் இது கிடைக்காது. எதனால் இறந்தது என்பதில்தான் தகராறு வருகிறது. அதனால் ஆய்வில் இருக்கும் காலத்து எல்லா ரிப்போர்ட்டுகளுக்கும் பெற்றோர் ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் இருந்தும் நம் குழந்தைகளுக்குத் திறந்திருக்கும் ஆய்வுகள் மிகக் குறைவு. உலக அளவிலேயே ஒரு புற்றுநோய் மருந்து பெரியவர்களிடம் முதலில் சோதிக்கப்பட்டு, குழந்தைகளிடம் சோதிக்கப்படுவதற்குள் சராசரியாக ஆறரை ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. இதைச் சுருக்கத்தான் அமெரிக்கா 2017-இல் சட்டம் இயற்றி 2020 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரியவர்களுக்காக உருவாகும் மருந்தின் இலக்கு குழந்தைகளின் புற்றுநோயிலும் முக்கியம் என்றால், நிறுவனம் குழந்தைகளிடமும் ஆய்வு செய்தாக வேண்டும். அப்படியொரு கட்டாயம் இங்கேயும் வர வேண்டும். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு செல்களைப் பிரித்து மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றுவது) 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்த அனுமதி 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இந்தச் சிகிச்சை குறிவைக்கும் பி-செல் லுக்கேமியா அதிகம் வருவது இரண்டு முதல் ஐந்து வயதில். சிறு குழந்தைகளிடம் செய்வது எளிதல்ல என்பதும் உண்மை. செல் பிரிக்கும் இயந்திரத்தின் குழாய்க்குள்ளேயே குழந்தையின் ரத்தத்தில் கணிசமான பங்கு போய்விடும். எடை குறைந்த குழந்தைக்குக் குழாயை முதலில் வேறு ரத்தத்தால் நிரப்ப வேண்டும். காய்ச்சலும் பிரஷர் இறக்கமும் வரும்போது கொடுக்கும் டோசிலிசுமாப் 30 கிலோவுக்கு மேல் கிலோவுக்கு 8 மி.கி., அதற்குக் கீழே 12 மி.கி. இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆய்வு நடந்தால்தான் கற்க முடியும்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆஸ்டியோசார்கோமாவும் ஈவிங்கும் வருவது பெரும்பாலும் பதின்வயதில். பெரியவர்களின் ஆய்வுகளில் '18 வயது பூர்த்தி' என்ற வரி காரணம் ஏதும் இல்லாமல் வழக்கமாகவே எழுதப்படுகிறது. 12 வயதுக்கு மேல், 40 கிலோவுக்கு மேல் உள்ளவர்களின் உடம்பு மருந்தைக் கையாளும் விதம் பெரியவர்களோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அவர்களைச் சேர்க்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-இலேயே வழிகாட்டியது. நம் எதிக்ஸ் கமிட்டிகள் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் 'ஏன் 18?' என்று எழுத்தில் கேட்டாலே பாதிக் கதவு திறக்கும். தமிழக அரசு பயணப்படியையும் தங்குமிடத்தையும் ஏற்றுக்கொண்டால் மீதியும் திறக்கும். 1, 2, 8, 15, 22-ஆம் நாட்களில் வர வேண்டிய ஆய்வுக்குத் தேனியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னைக்கு யாரால் வந்துபோக முடியும்? அப்பாவின் கூலி போகும், வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போகும், மூன்றாவது முறை அவர்கள் வரமாட்டார்கள்.

சோதனையில் சேர்ந்தால் வலிநிவாரணப் பிரிவுக்குப் போகக் கூடாது என்ற எண்ணம் பெற்றோரிடமும் சில மருத்துவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. இரண்டும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து நடக்க வேண்டும். மார்ஃபின் கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடாது. வலியோடு இருக்கும் குழந்தை சாப்பிடாது, விளையாடாது, மதிப்பெண் இறங்கும், ஆய்விலிருந்தே வெளியேற வேண்டிவரும். ஸ்கேனில் கட்டி 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் மருந்தை நிறுத்துவார்கள். அன்று என்ன செய்வது, குழந்தை எங்கே இருக்க விரும்புகிறது, இரவில் யாரை அழைப்பது என்பதை முதல் மருந்து கொடுப்பதற்கு முன்பே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. புதிய மருந்துச் செய்தி போடும்போது எத்தனை குழந்தைகளிடம் சோதித்தார்கள், எந்தக் கட்டம், எந்த வயது, எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குக் கேடு என்ற ஐந்து விவரங்களைச் சேருங்கள். இந்தியாவில் நடப்பது என்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேடு) பதிவெண்ணையும் அச்சிடுங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அந்தப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். நடக்கும் ஊர், மருத்துவமனை, தொடர்பு எல்லாம் அதில் இருக்கும். குழந்தைக்குப் புதிய மருந்து என்று யார் சொன்னாலும், பெற்றோர் முதலில் அந்த எண்ணைக் கேட்கட்டும். எண் இல்லை, அனுமதி பெற்ற மருந்தைத்தான் தருகிறோம் என்றால், இந்த வயதில் இந்த நோய்க்கு எத்தனை குழந்தைகளிடம் இதைக் கொடுத்திருக்கிறார்கள், டோஸை எதை வைத்துத் தீர்மானித்தார்கள், எந்த நாளில் எந்த ஸ்கேன் பார்த்து நிறுத்துவார்கள் என்று கேட்டு, பதிலை ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள்,
சென்னை.